கேசுவரினா என்றால் நம்ம சவுக்கு

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோட்டக்குப்பத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் பெரிய முதலியார்சாவடி. கிழக்கே கடல், மேற்கே ஆரோவில். சாலையோரப் பலகைகளில் ஆங்கிலம்தான் முந்திக்கொண்டு கண்ணில் படுகிறது: கெஸ்ட் ஹவுஸ், பேக்கரி, வாடகை ஸ்கூட்டர். வடக்கே போகப்போகப் பலகைகள் குறைந்து சவுக்குத் தோப்புகள் வருகின்றன. அதற்கும் அப்பால் மரக்காணத்து உப்பளங்கள், வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் பாத்திகளாக விரிந்து கிடக்கின்றன.

இந்தக் கரையில் வளரும் பிள்ளைக்குச் சவுக்கு மரத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கல்யாணப் பந்தலுக்குக் கால் நடுவதும், கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதும் சவுக்கில்தான். காற்று வீசும்போது தோப்புக்குள் நின்றால், கடல் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று காதுக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளை +2 வகுப்புக்கு வந்து ஆங்கிலப் பாடநூலைத் திறக்கிறது. 2019-இல் வந்த புதிய நூல் அது. அதில் தோரு தத் எழுதிய ‘அவர் கேசுவரினா ட்ரீ’ என்ற கவிதை இருக்கிறது. தோரு 1856-இல் கல்கத்தாவில் பிறந்து, பிரான்சிலும் இங்கிலாந்திலும் படித்து, 1877-இல் 21 வயதில் மறைந்த பெண். தங்கள் வீட்டுத் தோட்டத்து மரத்தையும், அதன் நிழலில் தன்னோடு விளையாடி இளம் வயதிலேயே இறந்துபோன உடன்பிறப்புகளையும் நினைத்து எழுதினார். அந்த மரத்தின் ஓசையைக் கடலின் ஓசைக்கு ஒப்பிடுகிறார். அவர் பாடிய கேசுவரினா, நம்ம சவுக்குதான்.

இதை யாரும் சொல்லாவிட்டால், கேசுவரினா என்பது எங்கோ வெளிநாட்டில் வளரும் ஏதோ ஒரு மரமாகவே தேர்வு வரைக்கும் இருந்துவிடும். கவிஞர் பெயர், பாடலின் கருத்து, அணி நயம் எல்லாம் மனப்பாடமாகிவிடும். மதிப்பெண்ணும் வந்துவிடும். பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரம் மட்டும் புத்தகத்துக்குள் வராது.

படித்துப் புரிந்துகொள்வது என்பது இந்த இரண்டையும் சேர்க்கும் வேலை. பக்கத்தில் அச்சாகியிருப்பதை, படிப்பவர் ஏற்கெனவே அறிந்திருப்பதோடு முடிச்சுப் போடும் வேலை. ‘காம்ப்ரஹென்ஷன்’ என்று பிள்ளைகள் சொல்லும் அந்தப் பயிற்சி, பள்ளி இறுதியாண்டில் எப்படி நடக்கிறது, எப்படி நடந்தால் பலன் கொடுக்கும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வரி தேடும் பழக்கம்

தமிழ்நாட்டு +2 ஆங்கிலத் தேர்வு எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10 என 100 மதிப்பெண் கொண்டது. 2018 வரை இரண்டு தாள்கள் இருந்தன; இப்போது ஒரே தாள். ஒரு மதிப்பெண் கேள்விகள், செய்யுள் வரிகளுக்கு விளக்கம், பாடத்திலிருந்து பத்தி எழுதுவது என்று பெரும்பகுதி, ஏற்கெனவே வகுப்பில் நடத்திய பாடங்களையே சுற்றி வருகிறது. முன்பின் பார்த்திராத பத்தியைப் படித்துப் பதில் எழுதுவதும், அதைச் சுருக்கி எழுதுவதும் 5 மதிப்பெண் கேள்விகளாக வருகின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கும் மாணவருக்கு இது சிறிய பங்கு. எழுத்துத் தேர்வில் தேற 90-க்கு 25 போதும். அதனால் ‘மெல்லக் கற்போர்’ கையில் தரப்படும் மெல்லிய குறிப்பேட்டில், பத்தியை அணுகுவதற்கு ஒரு குறுக்குவழி சொல்லித்தரப்படுகிறது: கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடு, அந்த வரியை அப்படியே எழுது.

பலமுறை இது பலித்தும் விடுகிறது. பலிப்பதுதான் ஆபத்து. ஒரு சின்னப் பத்தியில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இந்தக் கட்டுரைக்காகவே எழுதிய ஆங்கிலப் பத்தி ஒன்றின் தமிழ்ப் பொருள் இது:

உப்பளத் தொழிலாளி வெயிலுக்கு அஞ்சுவதில்லை. அவர் அஞ்சுவது மேகத்துக்குத்தான். ஏப்ரலில் ஒரு மாலைப் பொழுது மழை பெய்தால், ஒரு மாத உழைப்பு மறுபடி தண்ணீராகிவிடும். ஆனாலும் அதே மழை நவம்பரில் வரும்போது ஊரார் மகிழ்கிறார்கள். ஏரியும் கிணறும் நிறைகின்றன.

முதல் கேள்வி: தொழிலாளி எதற்கு அஞ்சுகிறார்? கேள்வியில் ‘ஃபியர்’ இருக்கிறது. வரி தேடும் கண்ணுக்கு முதல் வரியிலேயே ‘ஃபியர்’ கிடைத்துவிடுகிறது. அந்த வரியை எழுதினால் ‘வெயிலுக்கு அஞ்சுவதில்லை’ என்றுதான் பதில் அமையும். கேட்டதற்கு நேர் எதிரான பதில். ‘நாட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லைக் கண் தாண்டிப் போய்விட்டது.

இரண்டாவது கேள்வி: ‘அதே மழை’ என்பது எந்த மழை? ஏப்ரலில் பெய்த மழையே நவம்பர் வரை நீடித்தது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். மழை என்ற ஒன்றே ஒரு காலத்தில் நஷ்டமாகவும் இன்னொரு காலத்தில் வரமாகவும் இருக்கிறது என்பதுதான் சேதி. அதைச் சுட்டிக்காட்டுவது ‘ஆனாலும்’ என்ற சொல்; ஆங்கிலத்தில் ‘யெட்’. நம் பிள்ளைகள் அர்த்தம் தேடி அடிக்கோடு போடும் சொற்களில் ‘யெட்’ இருப்பதே இல்லை. பெரிய சொற்களுக்கு மட்டுமே கோடு விழுகிறது.

மூன்றாவது கேள்விக்குப் பத்தியில் நேரடிப் பதில் கிடையாது: உப்புத் தொழில் எந்த மாதங்களில் நடக்கும்? இதற்குப் படித்ததை வைத்து ஊகிக்க வேண்டும். இந்த ஊர்ப் பிள்ளைக்கு அது மிகவும் சுலபம். வீட்டில் கேட்டாலே போதும். “ஏம்ப்பா, சித்திரையில மழை பேஞ்சா உப்பு இன்னாவும்?” “கரைஞ்சி பூடும்மா. வாரி அம்பாரம் போட்டதக் கூட ஓலை போட்டு மூடலன்னா கரைஞ்சி பூடும்.” அப்பாவின் அந்தப் பதிலும் பத்தியின் ஒரு பகுதிதான். எழுதியவர் சொல்லாமல் விட்டதை நிரப்புவது அது.

கேட்பது வேறு, கற்பிப்பது வேறு

பத்தியைக் கொடுத்து ஐந்து கேள்வி கேட்டுவிட்டால் படித்துப் புரிவதைக் கற்றுக்கொடுத்ததாகுமா? இந்தக் கேள்வியை எழுப்பியவர் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோலோரஸ் டர்கின். 1970-களின் பிற்பகுதியில் அவர் பள்ளி வகுப்பறைகளில் உட்கார்ந்து, வாசிப்புப் பாடவேளையில் ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று நிமிடக் கணக்கில் குறித்தார். நான்காம் வகுப்புகளில் அவர் பார்த்த 4,469 நிமிடங்களில், புரிந்துகொள்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கச் செலவான நேரம் 20 நிமிடம் மட்டுமே. மீதியில் பெரும்பகுதி கேள்வி கேட்பதிலும், பயிற்சித் தாள் கொடுப்பதிலும், பதில் சரியா தவறா என்று பார்ப்பதிலும் போனது. ஆசிரியர்கள் சோதித்தார்கள், சொல்லித்தரவில்லை. அதுதான் அவர் கண்டது.

அது ஆங்கிலமே வீட்டு மொழியாக இருக்கும் நாட்டின் கதை. நம் நிலைமைக்கு ‘ஏசர்’ ஆய்வு ஓரளவு வெளிச்சம் தருகிறது. 2023-இல் இந்தியாவின் 28 மாவட்டக் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ள 34,745 பேரைச் சந்தித்த ஆய்வு அது. எளிய ஆங்கில வாக்கியங்களை வாசித்தவர்கள் 57.3 சதவீதம். வாசித்தவர்களிலும் 73.5 சதவீதத்தினர்தான் பொருள் சொன்னார்கள். அதாவது, தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டிய நான்கு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, வாய் சொன்னது மனதுக்குப் போய்ச் சேரவில்லை.

மாமா எங்கே வசிக்கிறார்?

ஆங்கில வாக்கியம் ஏன் தமிழ்ப் பிள்ளையைத் தடுமாற வைக்கிறது? சொல் தெரியாததால் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எல்லாச் சொல்லும் தெரிந்த வாக்கியத்திலும் தடுமாற்றம் வருகிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம்.

‘த வுமன் ஹூ சோல்ட் த ஃபிஷ் தட் மை அங்கிள் காட் லிவ்ஸ் நியர் த டெம்பிள்.’

இதில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கோயில் பக்கத்தில் வசிப்பது யார் என்று கேட்டால், அவசரத்தில் ‘மாமா’ என்று பதில் வரும். காரணம், ‘அங்கிள்’ என்ற சொல்லுக்கு அருகில்தான் ‘லிவ்ஸ்’ வந்து நிற்கிறது. தமிழில் இதைச் சொன்னால், ‘மாமா பிடித்த மீனை விற்ற பெண் கோயில் பக்கத்தில் வசிக்கிறாள்.’ நம் மொழியில் முதலில் மாமா, அடுத்து மீன், பிறகுதான் பெண். ஆங்கிலத்தில் முதலில் பெண், பிறகு மீன், கடைசியில் மாமா. அதன்பின் வாக்கியம் சட்டென்று பெண்ணிடமே திரும்பிவிடுகிறது. நாம் அடைமொழியைப் பெயருக்கு முன்னால் கட்டுகிறோம். அவர்கள் பின்னால் கட்டுகிறார்கள்.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதல்ல. சீன மொழியிலும் இப்படிப்பட்ட அடைமொழி பெயருக்கு முன்னால்தான் வரும். அதனால் சீனத்துப் பள்ளி இறுதியாண்டு மாணவரும் இதே இடத்தில்தான் இடறுகிறார்.

சீனத்தின் மூன்றாம் ஆண்டு

சீனாவில் மேல்நிலைப் பள்ளி மூன்று ஆண்டு. பல பள்ளிகளில் முதல் இரண்டு ஆண்டிலேயே பாடங்களைப் பெரும்பாலும் முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டை முழுக்கத் திருப்புதலுக்கு வைக்கிறார்கள். ஆண்டின் முடிவில், ஜூன் 7-ஆம் தேதி தொடங்குவது ‘காவ்காவ்’ என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு. 1952-இல் தொடங்கி, கலாசாரப் புரட்சியில் நின்றுபோய், 1977-இல் மீண்டும் வந்த தேர்வு இது. 2024-இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர்.

மொத்தம் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150. புதிய தேசியத் தாளில் வாசிப்புப் பகுதிக்கு மட்டும் 50. நான்கு பத்திகள், அவற்றில் 15 கேள்விகள். அதற்கு மேல், ஐந்து இடங்களில் வாக்கியம் விடுபட்ட ஒரு கட்டுரையைக் கொடுத்து, ஏழு வாக்கியங்களில் எந்த ஐந்து எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்வி கவனிக்க வேண்டிய ஒன்று. இங்கே சொல் தேடிப் பயனில்லை. முந்தைய வாக்கியம் என்ன சொன்னது, அடுத்தது எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் இடையில் விட்டுப்போனது கிடைக்கும்.

பத்திகள் எல்லாம் மாணவர் அதற்கு முன் பார்த்திராதவை. கைடில் வராது, மனப்பாடம் செய்ய வழியில்லை. ஆகவே அவர்களுடைய பயிற்சி வேறு திசையில் வளர்ந்திருக்கிறது. நீண்ட, சிக்கலான வாக்கியங்களைத் தனியே எடுத்து உடைத்துப் பார்ப்பது அதில் ஒன்று. மேலே சொன்ன மீன்காரப் பெண் வாக்கியத்தில் ‘ஹூ’விலிருந்து ‘காட்’ வரை பென்சிலால் வளையமிட்டுவிட்டால், மிஞ்சுவது ‘பெண் கோயில் பக்கத்தில் வசிக்கிறாள்’. எழுவாய் யார், பயனிலை எது என்று முதலில் பிடித்துவிட்டு, வளையத்துக்குள் இருப்பதைப் பிறகு பார்ப்பது. இலக்கண விதியைச் சொல்லச் சொன்னால் முழிக்கும் பிள்ளைகூட, பென்சில் வளையத்தை இரண்டே நாளில் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, தவறுக் குறிப்பேடு. தப்பாகப் போன கேள்வியைத் தனி நோட்டில் ஒட்டி, எதனால் தப்பியது என்று எழுதிவைப்பது சீனப் பள்ளிகளில் வெகுவாகப் பரவிய பழக்கம். சரியான பதிலை எழுதிவைப்பதைவிடத் தப்பிய காரணத்தை எழுதுவதில்தான் பலன் இருக்கிறது. ‘நாட்-ஐப் பார்க்கவில்லை.’ ‘தே என்பது யாரைக் குறிக்கிறது என்று யோசிக்கவில்லை.’ ‘எனக்குத் தெரிந்ததை எழுதினேன், பத்தியில் இருப்பதை எழுதவில்லை.’ இப்படி ஒரு மாதம் எழுதினால், ஒரே தவறு திரும்பத் திரும்ப வருவது கண்ணுக்குத் தெரியும். தனக்கு இங்கிலீஷே வராது என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, தான் செய்வது இரண்டு மூன்று தவறுகள்தான் என்று தெரியவருவது பெரிய ஆறுதல்.

சீனத்து வழியை அப்படியே இங்கே கொண்டுவந்து நட வேண்டும் என்பதல்ல. ஒரே தேர்வில் வாழ்க்கையே தொங்கும் அந்த அழுத்தம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆனால் பார்த்திராத பத்தியைப் பார்த்து மிரளாமல் இருக்க ஓர் ஆண்டு முழுக்க நிதானமாகப் பழக்கலாம் என்பதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எத்தனை சொல் தெரிந்தால் போதும்?

டிக்‌ஷனரியைப் பார்த்துப் பார்த்துப் படித்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். நியூசிலாந்தின் பால் நேஷனும், ஹூ என்ற ஆய்வாளரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவு சொன்னது. கதையில் உள்ள சொற்களில் 80 சதவீதம் மட்டுமே தெரிந்திருந்தபோது யாருக்குமே போதிய அளவு புரியவில்லை. 95 சதவீதம் தெரிந்திருந்தபோது சிலருக்குப் புரிந்தது. யாருடைய உதவியும் இல்லாமல் சுகமாகப் படிக்க 98 சதவீதம் தேவைப்படும் என்பது அவர்கள் கண்ட முடிவு. நூறு சொல்லில் தெரியாதவை இரண்டு.

இதிலிருந்து பயிற்சிக்கு ஒரு வழி கிடைக்கிறது. ஒரு வரியில் இரண்டு மூன்று சொல் தெரியாத பத்தியை எடுத்துவைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது வாசிப்புப் பயிற்சி ஆகாது. அது அகராதிப் பயிற்சி. +2 மாணவர் ஏழாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துப் படித்தால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. தடையில்லாமல் பத்துப் பக்கம் ஓடும் புத்தகம்தான் பதினோராவது பக்கத்துக்கு இழுத்துப்போகும். தமிழில் இதற்கு ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் வெளியிடும் சின்னச் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் படியில் நிற்கிறோமோ அங்கிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்துக்கும் இப்படி ஒரு படிக்கட்டு பள்ளி நூலகத்தில் இருந்தால் இறுதியாண்டின் பாதிச் சுமை குறையும்.

அகராதியே வேண்டாம் என்பதில்லை. அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பாசிரியராக இருந்து சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் கொண்டுவந்த ஆங்கிலம்–தமிழ் அகராதி இன்றும் கைகொடுக்கிறது. ஆனால் அதைத் திறக்க வேண்டியது பத்தியை ஒருமுறை முழுக்கப் படித்த பிறகு. அர்த்தம் இதுவாக இருக்குமோ என்று ஊகித்துவிட்டு, ஊகம் சரியா என்று பார்க்கத் திறக்கும்போது, அந்தச் சொல் மறக்காமல் தங்கிவிடுகிறது.

தெரிந்தவனுக்குப் புரியும்

1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள் பாதி, வாசிப்பில் பின்தங்கியவர்கள் பாதி. ஒவ்வொரு பாதியிலும் ஆட்டம் தெரிந்தவர்களும் இருந்தார்கள், தெரியாதவர்களும் இருந்தார்கள். படித்து முடித்ததும் நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாகச் சொன்னார்கள்.

இங்கே அதைக் கபடி என்று வைத்துக்கொண்டால் போதும். யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. இந்தக் கரைப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை ஏராளம். உப்பு எப்படி விளைகிறது, சவுக்கு எத்தனை ஆண்டில் வெட்டுக்கு வரும், எந்தக் காற்றில் கடலுக்குப் போகக் கூடாது. பக்கத்தில் உள்ள கழுவேலி ஏரி 2024 ஆகஸ்டில் உலகளவில் முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வரும் பறவைகளைப் பற்றி ஆங்கில நாளிதழ்களில் செய்தி வருகிறது. ஆங்கில வாசிப்பைத் தொடங்க அதைவிட நல்ல பத்தி எங்கே கிடைக்கும்? பறவை தெரியும், ஏரி தெரியும், பருவம் தெரியும். தெரியாமல் மிஞ்சுவது ஆங்கிலம் மட்டும்தான். அதையும் தெரிந்த பறவையும் ஏரியும் முக்கால்வாசி சொல்லிக்கொடுத்துவிடும்.

பாடநூலிலேயே இன்னொரு வாசல் இருக்கிறது. ‘த சேர்’ என்ற பாடம். எழுதியவர் கி. ராஜநாராயணன். இடைசெவலில் பிறந்து, வாழ்க்கையின் கடைசி முப்பது ஆண்டுகளைப் புதுச்சேரியில் கழித்து, 2021 மே 17-இல் அங்கேயே மறைந்தவர். பெரிய முதலியார்சாவடியிலிருந்து பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். ‘நாற்காலி’ என்ற அவருடைய தமிழ்ச் சிறுகதைதான் ஆங்கிலமாகிப் பாடமாக வந்திருக்கிறது. நாற்காலி இல்லாத வீட்டில் ஆசையாக ஒரு நாற்காலி செய்துவைக்கிறார்கள். பிறகு ஊரில் யார் செத்தாலும் பிணத்தை உட்காரவைக்க அதைக் கேட்டு ஆள் வந்து நிற்கிறது.

தமிழில் அந்தக் கதையை ஒரு மாலையில் படித்துச் சிரித்துவிட்டு, மறுநாள் ஆங்கிலப் பாடத்தைத் திறந்தால், அதைப் படிப்பதே வேறு அனுபவமாக இருக்கும். கதை தெரியும், ஆட்கள் தெரியும், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதும் தெரியும். ‘இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள்’ என்ற ஆவல் ஒன்றுதான் மிச்சம். அந்த ஆவலோடு படிக்கும் பத்துப் பக்கம், பயத்தோடு படிக்கும் நூறு பக்கத்துக்குச் சமம்.

அதே பாடநூலில் உள்ள, ஏ.ஜே. குரோனின் எழுதிய ‘டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா’வுக்கு வேறு விதமான கவனம் தேவை. நிக்கோலா, ஜாக்கோப்போ என்ற இரண்டு சிறுவர்கள் காட்டு ஸ்ட்ராபெர்ரி விற்கிறார்கள், ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார்கள், இரவு வெகுநேரம் வரை பேப்பர் விற்கக் காத்திருக்கிறார்கள். இவ்வளவு சம்பாதித்தும் கிழிந்த சட்டை, எளிய சாப்பாடு. பணம் எங்கே போகிறது? எழுத்தாளர் வேண்டுமென்றே கடைசிவரை மறைத்துவைக்கிறார். மருத்துவமனையில் கிடக்கும் அக்கா லூசியாவுக்காக என்பது தெரியும்போது, முன்னால் படித்த ஒவ்வொரு வரியும் வேறு அர்த்தத்தோடு திரும்பி வருகிறது. ஊகிப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனால் கைடின் முதல் பக்கத்திலேயே கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு ஊகிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த ஒரு பாடத்தையாவது சுருக்கம் பார்க்காமல், பாதியில் நிறுத்தி, ‘இந்தப் பசங்க எதுக்கு இப்படி உழைக்கிறாங்க?’ என்று வகுப்பில் கேட்டு, பிள்ளைகள் சொல்லும் காரணங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மீதியைப் படித்தால் எப்படி இருக்கும் என்று ஆசிரியர்கள் பார்க்கலாம்.

நாலு பேர், நாலு வேலை

தனியே உட்கார்ந்து பத்தி படிப்பது சலிப்புத் தட்டும். 1984-இல் ஆன்மேரி பாலின்சார், ஆன் பிரவுன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வாசிப்பில் பின்தங்கிய மாணவர்களை வைத்து ஒரு முறையைச் செய்து பார்த்தார்கள். பிள்ளைகளே மாறி மாறி ஆசிரியர் இடத்தில் உட்கார வேண்டும். செய்ய வேண்டியவை நான்கு: படித்ததைச் சுருக்கிச் சொல்வது, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பது, புரியாத இடத்தைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. சில வாரங்களிலேயே அந்தப் பிள்ளைகளின் புரிதல் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது.

இதற்கு லேப்டாப்பும் வேண்டாம், டியூஷன் கட்டணமும் வேண்டாம். நாலு பேரும் ஒரு திண்ணையும் இருந்தால் போதும். சுருக்கிச் சொல்வதை முதலில் தமிழிலேயே சொல்லலாம். தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்ல முடியவில்லை என்றால் பத்தி இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அப்போது ஆங்கிலத்தில் பதில் எழுத முயல்வது வீண். தமிழில் சொல்ல வந்துவிட்டால் ஆங்கிலப் பதில் மூன்று நான்கு சொல்லில் தானே அமையும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று வைத்திருக்கும் இடங்களில் பிள்ளைகள் வாய் மூடிக்கொள்கிறார்களே தவிர, ஆங்கிலத்தில் யோசிக்கத் தொடங்குவதில்லை.

இந்தக் கரைக்குத் திண்ணை வகுப்பு புதிதல்ல. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட, 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான்; 2021 அக்டோபர் 27-ஆம் தேதி. அன்று எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் தடையின்றிப் படித்துவந்திருந்தால் 2026 மார்ச்சில் +2 எழுதும் அணி அவர்கள்தான். ஏழாம் வகுப்பின் பெரும்பகுதியைச் செல்போன் திரையிலும், சிக்னல் கிடைக்காத மூலையிலும் தொலைத்த அணி. அவர்களுக்கு ஆங்கிலப் பத்தி மிரட்டலாகத் தெரிந்தால் அது அவர்களுடைய குறை அல்ல.

+2-க்குப் பிறகு பத்திகள் குறைவதில்லை, கூடுகின்றன. தமிழ் வழியில் படித்துவிட்டுப் பொறியியல் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கு முதல் செமஸ்டர் முழுக்க ஆங்கிலப் பத்திதான். சட்டக் கல்லூரிகளுக்கான ‘கிளாட்’ தேர்வு 2020 முதல் பத்திகளை வைத்தே கேள்வி கேட்கிறது. வங்கிக் கடன் படிவம், மருந்து அட்டையின் எச்சரிக்கை, வேலை ஒப்பந்தத்தின் சின்ன எழுத்து எல்லாம் பத்திகள்தாம். அங்கே தாளைத் திருத்த யாரும் இருக்க மாட்டார்கள். தப்பாகப் புரிந்துகொண்டால் நஷ்டம் நேராகப் பையிலிருந்து போகும்.

அதற்கெல்லாம் முன்னால் +2 தேர்வு இருக்கிறது. அன்று காலை 10 மணிக்குக் கேள்வித்தாள் கைக்கு வருகிறது. எழுதத் தொடங்குவது 10.15-க்கு. நடுவில் கேள்வித்தாளைப் படிக்க மட்டும் 10 நிமிடம். பேனாவைத் தொட முடியாத அந்த நேரத்தில் பல பிள்ளைகள் தெரிந்த கேள்விகளை எண்ணிக் கூட்டிப் பார்க்கிறார்கள். அதில் இரண்டு நிமிடத்தை எடுத்து, பார்த்திராத பத்திக்குப் போய், ஒருமுறை மெதுவாக, கேள்விகளைப் பார்க்காமல் படிக்கலாம். யார், எங்கே, என்ன நடந்தது. ‘யெட்’ எங்கே இருக்கிறது, ‘நாட்’ எங்கே இருக்கிறது. பிறகு தாளை மூடிவைத்துவிட்டு, படித்ததைத் தமிழில் ஒரே வாக்கியமாக மனதுக்குள் சொல்லிப் பார்க்கலாம். மணி அடித்து ஒரு மதிப்பெண் கேள்விகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பத்தி உள்ளுக்குள் ஊறிக்கொண்டிருக்கும்.